இராவணன் மீசையின் வழியே: கோவளம் முதல் குமரி வரை

திங்கள், கோவளம்

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, மீனவர் குடியிருப்பைத் தாண்டித் தெற்கே நடந்தால் சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடாகிக் கிடக்கிறது. அந்த மேட்டில் சாம்பல் பூத்த பச்சையில் விறைத்து நிற்கும் புல்தான் இராவணன் மீசை. தாவரவியலில் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். ஸ்பினிஃபெக்ஸ் சின்னஞ்சிறு பேரினம். இன்றைய வகைப்பாட்டில் ஐந்து இனங்களுக்கு மேல் தேறாது. அவற்றில் இந்தியக் கரையில் வளர்வது இது ஒன்றுதான். மற்றவற்றின் தாயகம் பெரும்பாலும் ஆஸ்திரேலியக் கரைகள்.

இந்த வாரம் இந்தப் புல்லை ஒட்டியே தெற்கே போகிறோம். கடற்கரைக்குப் போகும் எல்லோரும் இதன் முள்ளுருண்டையைப் பார்த்திருப்பார்கள். உருண்டை பெண் செடியில் மட்டுமே வரும், ஆண் செடி தனியாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆணைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் இந்தப் புல் ஒரு கரையில் ஏன் பரவுகிறது, இன்னொரு கரையில் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது புரியாது. அதனால் தேடல் முழுக்க ஆண் செடியைச் சுற்றித்தான்.

முதலில் உடலமைப்பு. இது பல்லாண்டுப் புல். மணலின் மேல் ஓடுதண்டு விட்டுப் படர்கிறது. ஒரே தண்டு பல மீட்டர் நீளம் ஓடும். தண்டு மரம்போல் கெட்டி, விரலில் அழுத்தினால் நசுங்காது. கணுவுக்குக் கணு வேர் இறங்குகிறது. அதே கணுவிலிருந்து இலைக்கொத்து மேலெழுகிறது. ஓடும் நுனியில் இடைக்கணு, அதாவது இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டு, நீண்டும், நிலைத்த திட்டில் குறுகியும் இருக்கும். ஒரு திட்டு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய இடைக்கணுவை அளப்பதே எளிய வழி. கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுகளில் பத்துப் பன்னிரண்டு இடைக்கணுக்களை அளந்து சராசரி எடுங்கள். திட்டின் நடுவிலும் அதே போல எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றால் அந்தத் திட்டு இப்போது எங்கும் நகரவில்லை.

இலையைக் கையில் எடுத்தால் இந்தப் புல்லுக்கு மணலோடும் உப்போடும் உள்ள உறவு தெரிந்துவிடும். அலகு அகலமாக விரியாமல் நீளவாக்கில் உள்நோக்கிச் சுருண்டு, ஏறத்தாழக் குழலாகவே இருக்கிறது. அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வெளியே வளைந்து, நுனியில் ஊசிபோல் முடிகிறது. சுருண்ட உட்பக்கத்தில் இலைத்துளைகள் காற்றுக்கும் உப்புத் தூறலுக்கும் மறைவாக இருக்கின்றன. மேலே மெழுகுப் பூச்சு. விரலால் தேய்த்தால் சாம்பல் நிறம் போய்க் கரும்பச்சை தெரியும். இலையுறையும் அலகும் சேருமிடத்தில் சவ்வு கிடையாது, குட்டையான மயிர் வரிசை மட்டும். கடற்கரையில் பூக்காத புல் எதையாவது பார்த்துக் குழம்பினால் 10 மடங்கு கைலென்ஸில் இந்த மயிர் வரிசையையும் ஊசிநுனியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இருந்து, தண்டும் கெட்டியாக ஓடினால் சந்தேகம் வேண்டாம்.

ஒளிச்சேர்க்கை மக்காச்சோளம், கரும்பு வழிதான், சி4 வகை. கொதிக்கும் மணலில், குறைந்த நீரில், முழு வெயிலில் வளரும் புல்லுக்கு ஏற்ற வழி அது. நிழல் இதற்கு ஆகவே ஆகாது. சவுக்கு வளர்ந்து நிழல் விழும் இடத்தில் இந்தப் புல் நூலிழையாக மெலிந்து, சில ஆண்டுகளில் காணாமல் போய்விடும். இங்கேயே தோப்பின் ஓரத்தில் அதைப் பார்க்கலாம்.

கூட வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: ரப்பர் செருப்பு போதாது. இலைநுனி அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும், நுனி ஒடிந்து தோலுக்குள்ளேயே தங்கிவிடும். தடித்த அடி உள்ள ஷூ, தோல் கையுறை, தோட்டக் கத்தரி, 5 மீட்டர் டேப், 50 மீட்டர் கயிறு, கைலென்ஸ், ஊசி, இடுக்கி. இவை இல்லாமல் வேலை ஆகாது.

செவ்வாய், பரங்கிப்பேட்டை

வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். தெற்கே கொள்ளிடம் வரை பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு. சேற்றில் அலையாத்தி, அதற்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல் தடுப்பு, அந்த மணலில் இராவணன் மீசை. சேறும் மணலும் சில நூறு மீட்டருக்குள் மாறுவதால் இந்தப் புல் எதை விரும்புகிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. களிமண் கலந்த இடத்தில் ஒரு தண்டுகூட இறங்கவில்லை. உமரியும் வங்காரவச்சியும் நிற்கும் உப்புச் சேற்றுக்கு இது வருவதே இல்லை. வேர் ஓடத் தளர்ந்த மணல் வேண்டும். கீழே நன்னீர் ஈரம் வேண்டும். மேல் மணல் காய்ந்து சுட்டாலும் ஒரு சாண் தோண்டினால் ஈரம் தட்டுகிறது. அந்த ஈரம் மழைநீர், கடல்நீர் அல்ல.

ஆண், பெண் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்தக் கரை கொடுத்துவைத்தது.

பெண் மஞ்சரி, அதாவது பூங்கொத்து, உருண்டை. குறுக்களவு ஒரு சாணுக்கு மேல், பெரியவை 30 செ.மீ. வரை. எல்லாப் பக்கமும் முள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முள்ளும் ஒரு கதிரின் அச்சு. நீளம் 8 முதல் 15 செ.மீ. அந்த அச்சின் அடியில் ஒரே ஒரு சிறுகதிர், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், ஈட்டிமுனை வடிவில் ஒட்டியிருக்கிறது. அதாவது விதை உருண்டையின் நடுவில் பாதுகாப்பாக இருக்கிறது, வெளியே நீளுவது வெறும் அச்சு. சிறுகதிரில் இரண்டு பூக்கள். கீழ்ப்பூ மலடு, மேல்பூதான் சூலகம் உள்ளது. பூக்கும் பருவத்தில் இறகு போன்ற சூல்முடி இரண்டு நுனியில் எட்டிப் பார்க்கும். மகரந்தம் கிடைத்ததும் வாடிப் பழுப்பாகிவிடும்.

ஆண் மஞ்சரியை முதலில் பார்ப்பவர்கள் வேறு ஏதோ புல் என்றே நினைப்பார்கள். உருண்டை இல்லை. காம்புள்ள கதிர்கள் கொத்தாகக் குடைக்கம்பிகள்போல் விரிந்திருக்கும். ஒவ்வொரு கதிரிலும் பல சிறுகதிர்கள் மாறிமாறி அமைந்திருக்கும். அச்சின் நுனி மட்டும் சிறு முள்ளாக நீளும். ஒரு சிறுகதிரில் இரண்டு பூக்கள், பூவுக்கு மூன்று மகரந்தத் தாள்கள். காற்று அசையும் காலை வேளையில் கதிரை விரலால் தட்டினால் கருப்பு உடையில் மஞ்சள் தூள் விழும். பூத்து முடிந்ததும் ஆண் கொத்து நிறம் மங்கி அங்கேயே காய்ந்து உதிரும். உருண்டு ஓடாது. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

பூக்காத காலத்தில் ஆணையும் பெண்ணையும் இலையை வைத்துப் பிரிக்க முடியாது. பழைய மஞ்சரியின் காய்ந்த மிச்சம் தண்டில் இருக்கிறதா என்று மணலைக் கிளறித் தேட வேண்டும். காம்புகளின் கொத்து ஆண். உருண்டை ஒடிந்துபோன ஒற்றைத் தடித்த காம்பு பெண். எதுவும் கிடைக்காவிட்டால் நோட்டில் ‘பால் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து எழுதியதால் கெட்டுப்போன கணக்கெடுப்புகள் உண்டு.

அடுத்தது திட்டுகளை எண்ணுவது. ஓடுதண்டால் படரும் செடி என்பதால் ஒரு திட்டு முழுவதும் ஒரே செடியாக இருக்கலாம். அப்படியானால் அந்தத் திட்டு முழுக்க ஆண் அல்லது முழுக்கப் பெண். நூறு மீட்டர் கரையில் உருண்டைகள் நூற்றுக்கணக்கில் கிடந்தாலும் அது ஒரே பெண் செடியின் விளைச்சலாக இருக்கலாம். பக்கத்தில் ஆண் இல்லாவிட்டால் அத்தனை உருண்டையும் பதர். சோதிப்பது எளிது. காய்ந்த உருண்டையிலிருந்து 50 முட்களைப் பிடுங்குங்கள். அடியில் உள்ள சிறுகதிரை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே கெட்டியாகத் தானியம் தட்டினால் நிறைந்தது, தட்டையாக நசுங்கினால் பதர். ஒரே உருண்டையில் ஒரு பக்கமிருந்து மட்டும் பிடுங்க வேண்டாம், சுற்றிலும் எடுங்கள். ஐந்து உருண்டையாவது பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. பூச்சி தின்ற சிறுகதிரில் சிறு துளை இருக்கும், அதைப் பதரில் சேர்க்காமல் தனியாக எண்ணுங்கள். காரணம் வேறு, தீர்வும் வேறு.

பெயர் வரலாறு சுருக்கமாக. தாவரவியலாளர் லின்னேயஸ் 1771இல் ஸ்பினிஃபெக்ஸ் என்ற பேரினத்தை நிறுவி, இந்தச் செடிக்கு ஸ்பினிஃபெக்ஸ் ஸ்குவாரோசஸ் என்று பெயரிட்டார். ஆனால் அதற்கு முன்பே, 1768இல், இளைய பர்மன் இதையே ஸ்டைபா லிட்டோரியா என்று வெளியிட்டிருந்தார். பேரினம் தவறு, இனப்பெயர் முந்தியது. முந்திய இனப்பெயருக்கே உரிமை என்ற விதிப்படி 1912இல் மெரில் இரண்டையும் சேர்த்து ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் என்றார். பழைய தாவரத் தொகுதிகளில் ஸ்குவாரோசஸ் என்று பார்த்தால் வேறு செடி என்று எண்ண வேண்டாம்.

புதன், கோடியக்கரை

வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை. 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். வெளிமான்களுக்கும் வலசைப் பறவைகளுக்கும் வருபவர்கள்தான் அதிகம். மணலைப் பார்க்க வருபவர்கள் குறைவு. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூட வெட்டக் கூடாது. இன்று அளவு எடுப்பதும் படம் எடுப்பதும் மட்டுமே.

மணல்மேடு எப்படி உருவாகிறது என்பதற்குக் கோடியக்கரை நல்ல இடம். காய்ந்த கடல்மணல் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகக் காற்றிலேயே துள்ளி ஓடத் தொடங்கிவிடும். அது பறப்பதில்லை, தரையை ஒட்டி முழங்காலுக்குக் கீழேயே துள்ளித் துள்ளிப் போகும். அந்த உயரத்தில் காற்றை மறிப்பது இந்தப் புல். இலைக்கொத்துக்குள் நுழையும் காற்று வேகம் இழக்கும், மணலைப் போட்டுவிட்டுப் போகும். செடியின் பின்புறம், காற்று மறைவில், வால்போல் நீண்ட சிறு மணல் குவியல் சேர்கிறது. இப்படி நூறு குவியல்கள் ஒன்று சேர்ந்தால் அதுதான் முன்வரிசை மேடு. நெய்தல் பாட்டுகளில் வரும் எக்கர் இதுதான்.

மணல் மூடினால் பல செடிகள் செத்துவிடும். இராவணன் மீசை மேலே வளரும். மூடிய கணு புதிதாக வேர்விடும், நுனி மீண்டும் வெளியே வரும். மணல் வந்துகொண்டே இருக்கும் வரை இந்தப் புல் இளமையாக இருக்கும். மணல் வரத்து நின்றால் மேட்டின் பின்புறத்தில் பழைய திட்டுகள் நடுவில் காய்ந்து வளையமாகிவிடும். அங்கே கோரையும் மற்றப் புல்களும் இடம்பிடிக்கும். நோய் வந்து காய்ந்ததாக நினைத்து அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மணல் வரத்து எங்கே மறிக்கப்பட்டது என்று கடல் பக்கம் பார்க்க வேண்டும்.

கூட்டாளிச் செடிகளை வரிசையாகப் பார்த்தால் கடலிலிருந்து உள்ளே போகும் வழி தெரியும். அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டுக்கு மிக அருகில் வருவது அடும்பு. ஆட்டுக்குளம்பு இலையும் ஊதாப் பூவும் கொண்ட கொடி. அதோடு தோள் உரசிக்கொண்டு இராவணன் மீசை. இரண்டுக்கும் நடுவில் மணற்கோரையான சைப்பரஸ் அரனேரியஸ், ஒரே நேர்கோட்டில் வரிசையாக முளைத்து நிற்கும். கீழே ஓடும் வேர்த்தண்டின் தடம் அது. மேட்டின் மேல் புறம் தாண்டினால் எருக்கு, தாழை, பனை. அதற்கும் பின்னால் வறண்ட பசுமைமாறாக் காடு. சீமைக் கருவேலம் புகுந்த இடங்களில் இந்த வரிசை கலைந்துவிடுகிறது.

அளக்கும் முறையைச் சொல்கிறோம், யாரும் செய்யலாம். கடைசிப் பெரிய அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டில் ஒரு குச்சி நடுங்கள். அங்கிருந்து நிலத்தை நோக்கி, கரைக்குச் செங்குத்தாக, 50 மீட்டர் கயிறு இழுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு முறை, ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வையுங்கள். சட்டத்துக்குள் எந்தச் செடி எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது, இராவணன் மீசையின் உயரம் என்ன, மஞ்சரி இருக்கிறதா, ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். கரை நெடுக 100 மீட்டருக்கு ஒரு கயிறு. தவறு நடப்பது பெரும்பாலும் தொடக்கப் புள்ளியில்தான். அன்றைய ஓதநீர்க் கோட்டில் குச்சி நட்டுவிடுவார்கள். அடுத்த முறை வரும்போது அது வேறு இடத்தில் இருக்கும், ஒப்பிட முடியாது. அசையாத ஒன்றை, ஒரு பனையையோ எல்லைக்கல்லையோ, மறுமுனையில் அடையாளம் வைத்து அதிலிருந்தும் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வியாழன், தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இன்று அரிச்சல்முனை வரை சாலை போகிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா, நடுவில் மணல் நாக்கு. உருண்டை உருள்வதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழகத்தில் இல்லை.

முற்றிய பெண் உருண்டை காம்போடு ஒடிந்து முழுசாக விழுகிறது. காற்று அதைத் தூக்கி முள்நுனிகளின் மேல் ஓட்டுகிறது. ஈர மணலில் அது விட்டுப் போகும் தடம் புள்ளிப் புள்ளியாக இருக்கும், நண்டுத் தடம் என்று ஏமாறுவார்கள். ஓட ஓட வெளி முட்கள் ஒடியும், அடியிலிருக்கும் சிறுகதிர்கள் ஒன்றிரண்டாக உதிரும். ஒரு தடை கிடைத்தால், மேடு, செடி, படகு, வலைக்குவியல் எதுவானாலும், அங்கே நின்றுவிடும். மணல் மூடும். மழை வந்தால் மூடிய இடத்திலேயே முளைக்கும். புதிய மேட்டின் முதல் விதை பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொண்ட உருண்டைதான். ஆக, உருண்டை விதையைத் தூக்கிச் செல்வதோடு முளைக்க வேண்டிய இடத்தில் மணலைப் பிடித்துத் தருவதும் அதுவே.

தென்மேற்குப் பருவத்தில் காற்று மன்னார் வளைகுடாவிலிருந்து வீசும், உருண்டைகள் வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பும். நாக்கு குறுகலாக இருக்கும் இடத்தில் ஓடி மறுபக்கக் கடலிலேயே விழுவதும் உண்டு. நீரில் விழுந்த உருண்டை மிதக்கும், அலை வேறு கரையில் ஒதுக்கும். புதிய சாலையின் ஓரக் கற்சுவரில் உருண்டைகள் குவிந்து கிடப்பதைப் பாருங்கள். கல்லிடுக்கில் விழும் விதைக்கு மணல் இல்லை.

எதிர்க்கரை இலங்கை. அங்கும் இதே இனம்தான். சிங்களத்தில் இதை மகா இராவணனின் தாடி என்ற பொருளில் அழைக்கிறார்கள். மீசை ஒரு கரையில், தாடி மறுகரையில், செடி ஒன்று. அங்கிருந்து கிழக்கே மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனம், தைவான், ஜப்பானின் தென்கோடித் தீவுகள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று வெப்பக் கரைகள் எங்கும் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் பரந்திருக்கிறது. இந்தியாவில் ஒடிசா முதல் குமரி வரை கிழக்குக் கரையிலும், சுற்றி மேற்குக் கரையிலும் உண்டு.

தெற்கு அரைக்கோளத்தில் பேரினத்தின் மற்ற இனங்கள். ஸ்பினிஃபெக்ஸ் செரிசியஸ் கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மணல்மேட்டுக்கு முதல் புல். இலை பட்டுப்போல் மயிரடர்ந்து மென்மையாக இருக்கும். நம்முடையதைப் போலக் குத்தாது. ஸ்பினிஃபெக்ஸ் ஹிர்சூட்டஸ் தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியாவில். ஸ்பினிஃபெக்ஸ் லாங்கிஃபோலியஸ் மேற்கிலும் வடக்கிலும்; இலை நீண்டு, மயிர் குறைவு. செரிசியஸையும் லாங்கிஃபோலியஸையும் 1810இல் விவரித்தவர் இராபர்ட் பிரௌன். அந்த நாடுகளில் பெண் மஞ்சரியைக் கரிப்பூட்டைப் பூஞ்சை தாக்குவதுண்டு, பூவே கருந்தூளாகிவிடும். இங்கும் உருண்டையில் கருந்தூள் கண்டால் அழுக்கு என்று தட்டிவிடாமல் தனி உறையில் எடுத்து வைப்பது நல்லது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆஸ்திரேலியப் பாலைவனப் படங்களில் ‘ஸ்பினிஃபெக்ஸ் புல்வெளி’ என்று காட்டுவது இந்தப் பேரினமே அல்ல. அது டிரையோடியா, உள்நாட்டு வறண்ட நிலத்தில் மேடுமேடாக வளரும் வேறு புல். பொதுப்பெயர் ஒன்றாகிவிட்டதால் இணையத்தில் பிசின், பழங்குடிப் பயன்பாடு, காட்டுத்தீ என்று ஸ்பினிஃபெக்ஸ் பற்றி வரும் தகவல்களில் பெரும்பகுதி டிரையோடியாவுடையது. அவற்றை எடுத்து இராவணன் மீசை மேல் ஒட்டினால் எல்லாமே தவறாகிவிடும்.

வெள்ளி, மணப்பாடு

கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு, மேலே குன்றில் சிலுவைக் கோயில். கரையை ஒட்டி வெண்மணல், அதில் அடர்ந்த இராவணன் மீசை. உள்ளே சில கிலோமீட்டர் போனால் நிலம் செந்நிறமாகிவிடும், அது தேரி. அங்கும் மணல்தான், அங்கும் காற்றுதான், ஆனால் இந்தப் புல் அங்கே மேலோங்குவதில்லை. தேரியில் பனை, உடை, முந்திரி. மணல் இருந்தால் மட்டும் போதாது; கடல் புதிதாகத் தரும் மணல் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு குறுக்கு நடை போதும்.

அனுமதி பெற்ற இடத்தில் உலர்மாதிரி, அதாவது தாளில் அழுத்தி உலர்த்திய செடி, எடுப்பது எப்படி என்று பார்ப்போம். இந்தச் செடியில் கெடுவது அதிகம்.

இரண்டு கணு, வேர், இலைக்கொத்து எல்லாம் சேர்ந்த ஓடுதண்டுத் துண்டு ஒன்று. ஆண் கொத்து முழுசாக ஒன்று. பெண் உருண்டை இரண்டு. எல்லாவற்றையும் நன்னீரில் ஒருமுறை முக்கி எடுத்து, நிழலில் நீர் வடியவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால் இலை மேலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தாள் காயாது, மூன்றாம் நாள் பூசணம். தண்டையும் ஆண் கொத்தையும் செய்தித்தாளில் வைத்து அழுத்தலாம். தண்டு தடிமனாக இருந்தால் நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். முதல் வாரம் தினமும் தாள் மாற்றுங்கள். உருண்டையை அழுத்தவே கூடாது. ஒன்றை அட்டைப்பெட்டியில் அப்படியே வையுங்கள். இன்னொன்றை நடுவில் வெட்டி, காம்பு தெரியும்படி ஒரு சன்னமான துண்டை மட்டும் அழுத்துங்கள். அதில்தான் சிறுகதிர்கள் அச்சின் அடியில் இருப்பது புரியும். உதிரும் சிறுகதிர்களை ஒரு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள்.

குறிப்புச்சீட்டில் இடம், தேதி, குப்பைக் கோட்டிலிருந்து தூரம், திட்டின் நீள அகலம், பால், மிக அருகிலுள்ள எதிர்ப்பால் திட்டு எத்தனை மீட்டரில். கடைசித் தகவலைப் பெரும்பாலான சீட்டுகளில் காணோம். ஆண் ஒரு தாள், பெண் ஒரு தாள், தனித்தனி எண். இரண்டையும் ஒரே எண்ணில் ஒட்டினால் பின்னால் வருபவர் ஒரே செடி என்று நினைத்துவிடுவார்.

சனி, கன்னியாகுமரி

மேடு அறுபட்ட இடத்தில் இதை நடுவது பற்றி இன்று. 2011, 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் இரண்டுமே மணல்மேடுகளை முதல் வகுப்புச் சூழல் பகுதியில் வைத்திருக்கின்றன. சட்டம் மேட்டைக் காக்கச் சொல்கிறது. அறுந்த மேட்டைக் கட்டுவது இந்தப் புல்தான்.

நடும் காலம் வடகிழக்குப் பருவத்தின் முதல் மழைக்குப் பிறகு. விதையைவிட ஓடுதண்டு நம்பகமானது. வளரும் நுனியோடு மூன்று நான்கு கணு உள்ள, 40 முதல் 50 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு திட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கடல்முக நுனிகளைத் தொடவே வேண்டாம், அந்த மேட்டின் முன்னேற்றம் அவற்றில்தான் இருக்கிறது. வெட்டியதை நனைத்த சாக்கில் சுற்றி அன்றே நட்டுவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் பாதி போய்விடும்.

குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம், அதாவது ஈர மணல் தட்டும் வரை. காய்ந்த மணல் சரிந்து குழியை மூடினால் முதலில் நீர் தெளித்து இறுக்குங்கள். இரண்டு கணுவாவது ஈர மணலுக்குள் போக வேண்டும். நுனி வெளியே, நிலத்தை நோக்கிச் சாய்ந்து. காலால் மிதித்து இறுக்குங்கள். ஒரு மீட்டர் இடைவெளியில், வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளி. பத்துக்குப் பத்து மீட்டருக்கு நூறு துண்டு, சாவுக்கு இருபது கூடுதல். மேலோட்டமாக நட்டால் முதல் பலத்த காற்றிலேயே மணல் பறந்து வேர் வெளியே வந்துவிடும். தோல்விகளில் பெரும்பாலானவை இதனால்தான். அடுத்த காரணம் குப்பைக் கோட்டை ஒட்டி நடுவது. நவம்பர் புயலலையில் அப்படியே போய்விடும். குறைந்தது ஐந்து மீட்டர் பின்னால் தள்ளி நடுங்கள், கடல் பக்கம் அதுவே ஓடி வரும்.

முன்னால் முழங்கால் உயரத்துக்குச் சவுக்கு மிலாறு அல்லது பனையோலை வேலி. வேலியில் பாதிக்குப் பாதி இடைவெளி இருக்க வேண்டும். பலகையோ தகரமோ அடைத்தால் காற்று அடியில் சுழன்று மணலை அரித்துவிடும். ஆமை முட்டையிட வரும் கரையில் 20 மீட்டருக்கு ஒரு வழி விடுங்கள். சவுக்கை அலைக்கோடு வரை நடுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். நிழலில் இந்தப் புல் செத்துப்போகும், ஆமைக்கும் இடம் இல்லாமல் போகும்.

நூறு துண்டில் குறைந்தது இருபது ஆண் செடியிலிருந்து வர வேண்டும். ஒரே இடத்தில் குவிக்காமல் நடவின் இரு முனைகளிலும் பிரித்து நடுங்கள். பருவத்துக்கு ஒரு பக்கம் காற்று மாறும், மகரந்தம் இரு பக்கமும் போக வேண்டும். பூக்கும்போதே தாய்த்திட்டுகளில் நிறத்துணி கட்டி அடையாளம் வைத்தால் ஒழிய, அக்டோபரில் எது ஆண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே பெண் திட்டிலிருந்து நூறும் வெட்டி நட்ட கரை பச்சையாகத்தான் இருக்கும், உருண்டையும் காய்க்கும், ஒரு விதைகூட முளைக்காது.

குமரிக்கு மேற்கே கரையின் பல பகுதிகளில் பாறாங்கல் சுவர். கல்லின் முன் மணல் இல்லை; பின்னால் மணல் வருவதில்லை. சுவர்களுக்கு நடுவே மணல் மிச்சமிருக்கும் துண்டுக் கரைகளில் சிறு சிறு திட்டுகள் நிற்கின்றன. இந்தப் பக்கம் போகிறவர்கள் அவற்றில் பூக்கும் திட்டு ஒவ்வொன்றிலும் ஆணா பெண்ணா என்று பார்த்து, இடத்தைக் குறித்துப் படத்துடன் அனுப்புங்கள். ஆண் கொத்தை அருகில் வைத்து ஒரு படம், இலைக்கொத்தோடு ஒரு படம், கடலும் சுவரும் தெரிய ஒரு படம்.